இரண்டு தட்டு

ஆய்வுக்கூடத்தில் ஒரு பிரேக் கட்டுப்பாட்டுப் பெட்டியைச் சோதித்துக்கொண்டிருந்தோம். திரையில் எண்கள் ஓடுவதைப் பார்த்தபடி பக்கத்து நாற்காலியில் இருந்த பெண், ஏதோ யோசனையில் பேனாவின் பின்முனையால் மேசையை இரண்டு முறை தட்டினாள். என் விரல் அதுபாட்டுக்கு எழுந்து பதிலுக்கு இரண்டு தட்டுத் தட்டியது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன சார்?"

"நீ லைன் கிளியர் கேட்டே. கேட்டது காதுல விழுந்துதுன்னு சொன்னேன்."

அவளுக்குப் புரியவில்லை. புரியவைக்க அன்றைக்கு மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்கப் போயிற்று. அவளிடம் சொன்னதும், சொல்ல விட்டுப்போனதும் சேர்ந்து சில நாளாக மனசில் ஓடிக்கொண்டே இருக்கின்றன.

நைனா, அதாவது என் அப்பா, திருத்தணி ஸ்டேஷனில் உதவி ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். குவார்ட்டர்ஸ் தண்டவாளத்தை ஒட்டியே இருந்ததால், மலைக்கோயில் மணிக்கும் பள்ளிக்கூட மணிக்கும் முன்னால் எனக்குப் பழகியது பிளாக் மணிதான். ஸ்டேஷன் அறையில் பழைய பதிவேடுகளின் வாசனையும் மண்ணெண்ணெய் விளக்கின் வாசனையும் கலந்து கிடக்கும். மேசைக்குப் பின்னால் பிளாக் கருவி. அதன் முகத்தில் ஒரு முள். லைன் மூடியிருக்கிறதா, லைன் கிளியர் கொடுத்தாகிவிட்டதா, வண்டி லைனில் இருக்கிறதா என்ற மூன்று நிலையைத் தவிர அந்த முள்ளுக்கு வேறு எதுவும் சொல்லத் தெரியாது. அடுத்த ஸ்டேஷன்காரர் அங்கே பொத்தானை அழுத்தினால் இங்கே மணி அடிக்கும்.

ஒரு அடி என்றால் ‘கவனி, போனை எடு’. இரண்டு அடி, ‘வண்டி அனுப்பலாமா, லைன் காலியா?’ மூன்று, ‘வண்டி கிளம்பி உன் பக்கம் வருகிறது’. நான்கு, ‘வண்டி முழுசாக வந்து சேர்ந்தது’. ஐந்து, ‘முன்னால் அடித்ததை ரத்து செய்’. ஆறு அடித்தால் ஆபத்து. எது அடித்தாலும் கேட்டவர் அதே எண்ணிக்கையில் திருப்பி அடிக்க வேண்டும். திருப்பி அடிக்காதவரை சொன்னது சொன்னதாகவே கணக்கில்லை.

இந்தச் சட்டம் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அம்மா குளியலறைக் கதவை ஒரு முறை தட்டுவாள். உள்ளிருந்து வாளியில் ஒரு தட்டு கேட்கும். பிறகு இரண்டு: இலை போடலாமா? நைனா இரண்டு தட்டினால் அடுப்பில் தோசைக்கல் ஏறும். சீட்டுக்காரர் கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டால் கதவில் ஆறு தட்டு விழும். நைனா உள்ளேயே இன்னும் இரண்டு செம்பு தண்ணீர் ஊற்றிக்கொள்வார். நானும் தங்கையும் பரீட்சையில் இதைப் பயன்படுத்தலாம் என்று திட்டம் போட்டோம். வேறு வேறு வகுப்பில் படித்தோம் என்பதால் நிறைவேறவில்லை.

அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா போகும் பாதையில் இருக்கிறது திருத்தணி. திருப்பதி வண்டிகளும் பம்பாய் வண்டிகளும் அந்த வழியாகத்தான். வடக்கே அடுத்த ஸ்டேஷன் பொன்பாடி. அதைத் தாண்டினால் ஆந்திரா, வேங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை. இந்திய ரயில்வேயிலேயே நீளமான பெயர் கொண்ட ஸ்டேஷன் என்று அதற்கு முன்பு ஒரு புகழ் இருந்தது. எங்கள் ஊரும் ஒரு காலத்தில் அந்தப் பக்கம்தான் இருந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு போய், ம.பொ.சி. நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1இல் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. தாத்தா அதைச் சொல்லும்போது, "நான் திண்ணையை விட்டு எறங்கவேயில்ல, ரெண்டு ராஜ்ஜியம் பார்த்துட்டேன்" என்பார். அதனால் நைனாவுக்கு அரக்கோணம் பக்கம் தமிழ், ரேணிகுண்டா பக்கம் தெலுங்கு. மழை, வெயில், மாப்பிள்ளை பார்த்தது, மாங்காய் விலை எல்லாம் அந்தந்த மொழியில் ஓடும். எண் வந்தால் மட்டும் இரண்டு பக்கமும் ஆங்கிலம்தான்: "பிரைவேட் நம்பர் ஃபைவ் த்ரீ, ஃபிஃப்டி த்ரீ."

அந்தப் பிரைவேட் நம்பர் சிறுவயதில் எனக்கு ஒரு மந்திரம் மாதிரி இருந்தது. ஸ்டேஷன் மாஸ்டரிடம் இரண்டு இலக்க எண்கள் வரிசையில்லாமல் அச்சடித்த தாள் ஒன்று இருக்கும். முக்கியமான எதையும் போனில் உறுதி சொல்லும்போது அந்தத் தாளில் அடுத்து இருக்கும் எண்ணைச் சொல்ல வேண்டும். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லிப் பதிவேட்டில் எழுதுவார். சொன்னவர் தாளில் அந்த எண்ணை அடித்துவிடுவார். தாளை வீட்டுக்கு எடுத்து வரக் கூடாது, மற்றவர் கண்ணில் படக் கூடாது. ஒரு முறை தங்கை மேசைப் பக்கம் எட்டிப் பார்த்ததற்கு, அதுவரை அவளை அதட்டியே அறியாத நைனா அதட்டினார்.

பல வருஷம் கழித்து, வேலைக்குச் சேர்ந்த புதிதில், ரயில் சிக்னல் கருவிகளுக்கிடையே செய்தி போகும் வழிக்கான ஐரோப்பியத் தரம் ஒன்றைப் படிக்கக் கொடுத்தார்கள். ஈஎன் 50159 என்று பெயர். வழியில் போகும் செய்திக்கு என்னென்ன கேடு வரலாம் என்று அதில் ஒரு பட்டியல் இருக்கும். சொன்னதே மறுபடி வருவது, வராமலே போவது, நடுவில் சொல்லாத ஒன்று நுழைவது, வரிசை மாறுவது, சிதைவது, தாமதமாவது, வேறொருவர் பேரில் வருவது. படித்துக்கொண்டே வந்தபோது நைனாவின் பென்சில் அந்தத் தாளில் கோடு போடும் சத்தம் கேட்கிற மாதிரி இருந்தது. அடித்த எண் மறுபடி வந்தால் பழைய செய்தி. தாளில் இல்லாத எண் பதிவேட்டில் ஏறியிருந்தால் பேசியது வேறு ஆள். பெரிய நிபுணர் குழு உட்கார்ந்து எழுதிய விஷயத்தில் பாதி, அடிக்கடி உடைந்த பென்சில் ஒன்றின் முனையில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது.

கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வழியை அமைக்கும் எங்கள் தொழிலுக்குத் தாமதம் என்ற கேடுதான் மையம். வெளியே இருப்பவர்கள் எங்களை வேகத்துக்கு வேலை பார்ப்பவர்கள் என்று நினைக்கிறார்கள். எங்களுக்கு வேகம் அவ்வளவு முக்கியமில்லை. பிரேக் பெட்டிக்குப் போக வேண்டிய செய்தி பத்து மில்லிசெகண்டுக்குள் போய்ச் சேரும் என்று சொன்னால், எந்த நிலையிலும், எல்லாக் கருவியும் ஒரே சமயத்தில் கத்தினாலும், பத்துக்குள் போய்ச் சேர வேண்டும். பெரும்பாலும் ஒன்றில் போய்விடுகிறது என்பது எங்களுக்கு ஆறுதலே இல்லை. என் அறைக்கு வரும் இளைஞர்கள் எல்லாரும் முதல் வாரத்தில் சராசரியைச் சொல்வார்கள். சராசரியில் யாரும் விபத்துக்குள்ளாவதில்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கே சலித்துவிட்டது.

கார்களுக்குள் இன்றும் பெருமளவு ஓடுவது கேன் என்ற முறை. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் உருவாக்கி 1986இல் வெளியிட்டது. இரண்டே கம்பி, எல்லாப் பெட்டிகளும் அதில்தான் பேச வேண்டும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் தொடங்கினால், யாருடைய அடையாள எண் சிறியதோ அவர் தொடர்வார், மற்றவர் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார். அருமையான ஏற்பாடு. ஆனால் இதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஆடிக் கிருத்திகைதான் நினைவுக்கு வரும். சாதாரணப் புதன்கிழமையில் மலையேறினால் சிறப்பு வரிசை, பொது வரிசை இரண்டும் கால் மணியில் உள்ளே போய்விடும். ஆடிக் கிருத்திகையன்று சிறப்பு வரிசையில் ஆள் வந்துகொண்டே இருக்க, புஷ்பக் காவடியோடு பொது வரிசையின் வாலில் நிற்பவர் அங்கேயே நிற்பார். எப்போது தரிசனம் என்று அவருக்கு யாராலும் சொல்ல முடியாது. கேனில் பெரிய எண் வாங்கியிருக்கும் பெட்டியின் கதி அதுதான். கணக்குப் போட்டால் அதிகபட்சம் எவ்வளவு காத்திருக்கும் என்று சொல்லலாம். கணக்கை ஆடிக் கிருத்திகைக்குப் போட வேண்டும், புதன்கிழமைக்குப் போடக் கூடாது.

ஆடிக் கிருத்திகை என்றதும் ஸ்டேஷனும் நினைவுக்கு வருகிறது. அரக்கோணத்திலிருந்து சிறப்பு வண்டிகள் விடுவார்கள். மஞ்சள் வேட்டியும் சந்தனமுமாக பிளாட்பாரமே நிறம் மாறிவிடும். "அரோகரா" சத்தத்தில் பிளாக் மணி கேட்காது என்று நைனா காதைக் கருவி பக்கமே வைத்திருப்பார். "சாமி, வண்டி எப்ப?" என்று ஜன்னலில் முகங்கள் வந்துகொண்டே இருக்கும். அந்த நாளில்தான் அவர் மிக மெதுவாக வேலை செய்வார். கையெழுத்துகூட நிதானமாக, பள்ளிப் பிள்ளை மாதிரி இருக்கும். அம்மா கட்டிக்கொடுத்த தயிர்சாதம் சாயங்காலம் அப்படியே திரும்பி வரும்.

திருத்தணிக்கு வருவதற்கு முன் நைனா பாகாலா பக்கம், மீட்டர் கேஜ் ஒற்றைப் பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷனில் இருந்தார். அது எனக்குப் பாதி நினைவு, பாதி கேட்டது. அங்கே இரும்புப் பந்துதான் எஜமான். நீல் என்பவர் பெயரால் வழங்கும் பந்து டோக்கன் கருவி. இரண்டு ஸ்டேஷன்களிலும் ஒவ்வொரு கருவி. இரண்டுக்கும் மின்கம்பித் தொடர்பு. அந்தப் பக்கத்துக்காரர் சம்மதித்தால்தான் இந்தப் பக்கம் பந்து விழும். ஒரு பந்து வெளியே இருக்கும்வரை எந்தப் பக்கமும் இன்னொரு பந்து விழாது. பந்து கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். பந்தைத் தோல்பையில் போட்டு, பையைப் பிரம்பு வளையத்தில் கட்டி, நிற்காமல் போகும் வண்டிக்குக் கையை நீட்டிப் பிடித்திருப்பார்கள். என்ஜினில் இருப்பவர் முழங்கையை வளையத்துக்குள் நுழைத்து அள்ளிக்கொண்டு, பழைய வளையத்தை வீசி எறிந்துவிட்டுப் போவார். ராத்திரியில் பக்கத்தில் தீவட்டி. எறிந்த வளையம் சில நேரம் முள்புதரில் போய் விழும். அதைத் தேடி எடுத்து, பந்தைக் கருவியில் போடும்வரை அந்தப் பாதையில் அடுத்த வண்டிக்கு வழி கிடையாது. பந்து ஒன்றுதான், அதனால் வண்டியும் ஒன்றுதான்.

இது யாரோ ஒருவர் சும்மா உட்கார்ந்து யோசித்ததல்ல. 1874 செப்டம்பரில் இங்கிலாந்தின் நாரிச் பக்கத்தில் தார்ப் என்ற இடத்தில், ஒற்றைப் பாதையில் எதிரெதிராக இரண்டு வண்டிகள் மோதின. அனுப்பக் கூடாத ஒரு தந்தி, முறைப்படி கையெழுத்தாகாமலே போய்விட்டது. தவறு தெரிந்து ரத்து செய்யத் தந்தி அடித்தபோது, அங்கே வண்டி கிளம்பியிருந்தது. அதற்குப் பிறகுதான் எட்வர்ட் டயர் 1878இல் மின்சார டேப்லெட் முறையைக் கொண்டுவந்தார். வெறும் செய்தியை நம்பியதால் வந்த சாவுக்குப் பதிலாக, கையில் பிடிக்கக்கூடிய ஒரு பொருளைச் செய்தியோடு கட்டிவிட்டார்கள். நைனாவின் பந்து அந்த வம்சம்.

அங்கே இருந்த கைகாட்டி மரமும் ஒரு பாடம். கை நேராக இருந்தால் நில், தாழ்ந்திருந்தால் போ. கையைத் தாழ்த்த ஸ்டேஷனில் நெம்புகோலை இழுக்க வேண்டும். கம்பி வழியாக இழுவை போகும். கம்பி அறுந்துபோனால்? மரத்தில் கட்டியிருக்கும் எடை கையை மேலே தூக்கி ‘நில்’ என்று காட்டிவிடும். எதுவும் வேலை செய்யாத நிலைக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். இன்று நாங்கள் எழுதும் மென்பொருளில், குறித்த நேரத்துக்குள் செய்தி வராவிட்டால் பிரேக் பெட்டி என்ன செய்ய வேண்டும் என்பதற்குப் பக்கம் பக்கமாக ஆவணம் இருக்கிறது. அத்தனையும் அந்த எடைக் கட்டையின் வேலைதான்.

ஒரு மழை ராத்திரி திருத்தணியில். நான் சாப்பாட்டுக் கூடையோடு போனவன் மழையில் ஸ்டேஷனிலேயே மாட்டிக்கொண்டேன். கூட்ஸ் வண்டி ஒன்று நிற்காமல் ஓடியது. நைனா வழக்கம்போல் வாசலில் நின்று கடைசிப் பெட்டிக்காகக் காத்திருந்தார். கடைசிப் பெட்டியில் ‘எல்வி’ போர்டும் சிவப்பு விளக்கும் இருக்க வேண்டும். அது கண்ணில் பட்டால்தான் வண்டி முழுசாகப் போனது, நடுவில் அறுந்து எந்தப் பெட்டியும் பின்னால் நின்றுவிடவில்லை என்று அர்த்தம். அன்றைக்கு அது தெரியவில்லை. பின்னால் எக்ஸ்பிரஸ் காத்திருந்தது. எங்கள் பிளாட்பாரத்தில் அதற்கான கூட்டமும் காத்திருந்தது. நான்கு அடி அடித்தால் வண்டி வந்துவிடும். நைனா அடிக்கவில்லை. பொன்பாடிக்குப் போன் போட்டு, தெலுங்கில், "கடைசிப் பெட்டியைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். கூட்ஸ் அங்கே போய்ச் சேர எடுத்த நேரம் முழுக்க ஜன்னலில் திட்டு விழுந்தது. ஒருவர் நைனாவின் சாதியைக்கூட விசாரித்தார். பொன்பாடியிலிருந்து பதில் வந்தது: போர்டு இருக்கிறது, விளக்கு அணைந்திருந்தது, பிரைவேட் நம்பர் இன்னது. அதை எழுதிவிட்டுத்தான் நான்கு அடி.

ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கவும் போவதில்லை என்று கூட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு அன்று நைனாவை நினைத்துக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. இன்றைக்கு அந்த வேலையைப் பல இடங்களில் அச்சு எண்ணும் கருவி செய்கிறது: உள்ளே போன சக்கர அச்சு எத்தனையோ அத்தனையும் வெளியே வந்தால்தான் லைன் காலி. அதனிடம் யாரும் சாதி கேட்க மாட்டார்கள்.

சாயங்காலம் நான்கு மணிக்கு ஸ்டேஷனில் இன்னொரு சடங்கு. நைனா போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒரு கையைத் தூக்குவார். யாரும் பேசக் கூடாது. கன்ட்ரோலிலிருந்து நேரம் சொல்வார்கள். ஒவ்வொரு நாளும் 16.00 மணிக்கு ஸ்டேஷன்களுக்கு நேரம் சொல்ல வேண்டும் என்பது ரயில்வே விதி. சுவர்க்கடிகாரத்தின் முள்ளைத் திருத்திப் பதிவேட்டில் குறிப்பார். பெரும்பாலும் அரை நிமிஷம் வித்தியாசம் இருக்கும். அதற்கு இவ்வளவு மரியாதையா என்று தோன்றும். நேரத்தை எல்லா ஊருக்கும் ஒன்றாக்கியதே ரயில்தான் என்பது அப்போது தெரியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரயில்கள் சென்னை வானாய்வுக்கூடத்தின் கணக்குப்படி, சென்னை நேரத்தில்தான் ஓடின. 1906இல்தான் இந்திய நேரம் என்று ஒன்று வந்தது.

இப்போது எங்கள் துறையில் புதிதாகப் பேசப்படுவதெல்லாம் அந்த நான்கு மணிச் சடங்குதான். வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஹெர்மான் கோபெட்ஸ் பல ஆண்டு வளர்த்த வழி இது. வலைப்பின்னலில் இருக்கும் எல்லாப் பெட்டிகளின் கடிகாரங்களையும் ஒன்றோடொன்று பொருத்திவிடுவது. ஒவ்வொருவருக்கும் பேசும் நேரத்தை முன்கூட்டியே பிரித்துக் கொடுத்துவிடுவது. எண் சிறிது பெரிது என்ற போட்டியே இல்லை. உன் நேரம் வந்தால் பேசு, மற்ற நேரம் வாயை மூடு. உன் நேரத்தில் நீ பேசாவிட்டால் உனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அந்தக் கணமே எல்லாருக்கும் தெரிந்துவிடும். நாசாவின் ஓரியன் விண்கலத்துக்குள் ஓடும் ஈதர்நெட் இந்த வகை. கார்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் டிஎஸ்என் என்ற பெயரில் வந்துகொண்டிருக்கிறது.

ரயிலுக்கும் வந்துவிட்டது. நம் நாட்டில் உருவான கவச் கருவியில், என்ஜினும் ஸ்டேஷனும் ரேடியோவில் பேசிக்கொள்கின்றன. செயற்கைக்கோள் தரும் நேரத்தை வைத்து ஒவ்வொரு என்ஜினுக்கும் பேசும் துண்டு நேரம் ஒதுக்கப்படுகிறது. தண்டவாளத்தின் நடுவே பதித்த ஆர்எஃப்ஐடி சில்லுகள் என்ஜின் எங்கே இருக்கிறது என்று சொல்கின்றன. டிரைவர் சிவப்பைத் தாண்டப் பார்த்தால் கருவியே பிரேக் போடும். தென்மத்திய ரயில்வேயில் பல ஆண்டு சோதனைக்குப் பிறகு, 2022 மார்ச் 4இல் குல்லகூடாவுக்கும் சிட்கிட்டாவுக்கும் இடையே ரயில்வே அமைச்சர் ஏறிய என்ஜினையே, இன்னொரு என்ஜின் இருந்த பாதையில் ஓடவிட்டுக் காட்டினார்கள். 380 மீட்டர் முன்னாலேயே தானாக நின்றது. கவச்சுக்குக் கொடுத்திருக்கும் தகுதி எஸ்ஐஎல்-4. ஆபத்தான பிழை பத்துக் கோடி மணி நேரத்துக்கு ஒன்றுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது அதன் கணக்கு. பத்துக் கோடி மணி நேரம் என்பது பதினோராயிரம் ஆண்டுக்கும் மேல். நைனாவிடம் சொன்னபோது, "அவ்ளோ நாள் டியூட்டி பார்த்தவன் யாருடா கையெழுத்துப் போட்டான்?" என்று கேட்டார்.

நேரம் தவறாமல் வருவது மட்டும் போதாது என்பதும் நம் கண்முன் நடந்தது. 2023 ஜூன் 2, பாலசோர் பக்கத்தில் பாஹாநகா பஜார். சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரசுக்கு மெயின் லைனுக்குப் பச்சை விழுந்தது. வண்டியைப் பாதை மாற்றும் பாயிண்ட் மட்டும் பக்கத்து லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. அங்கே இரும்புத்தாது ஏற்றிய கூட்ஸ் நின்றிருந்தது. இருநூற்றுத் தொண்ணூறு பேருக்கு மேல் போனார்கள். வடக்குப் பக்கத்து சிக்னல் அறையில் முன்பு செய்த சர்க்யூட் மாற்றத்திலும், லெவல் கிராசிங் கேட் 94இன் தடுப்பை மாற்றும் வேலையிலும் இருந்த குறைகளை ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை சுட்டியது. செய்தி சரியான நேரத்துக்குப் போனது. செய்தியில் இருந்தது உண்மையில்லை. அந்த ராத்திரி நைனா டிவியை அணைக்கவேயில்லை. ஓய்வு பெற்று எவ்வளவோ காலமானவர், விடியும்வரை, "பாயிண்ட் எந்தப் பக்கம் இருந்துதுன்னு யார் போய்ப் பார்த்தா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மேசையைத் தட்டிய பெண்ணுக்குச் சொந்த ஊர் புத்தூர். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது வழியில் திருத்தணியில் இறங்கி, மலையேறி, பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தாள். 365 படியும் நடந்தே ஏறியதாகச் சொன்னதும் அம்மா கூடுதலாக ஒரு வடை வைத்தாள். நைனாவும் அவளும் தெலுங்கில் ஊர் விசாரித்து முடித்துத் தமிழுக்கு வந்தார்கள். எங்கள் வேலை என்ன என்று அவள் விளக்கினாள். எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்துத் தன் முறைக்குப் பேசுவார்கள் என்றாள்.

நைனா காபி டம்ளரைக் கீழே வைத்தார். "கடிகாரத்தை நம்பி வண்டி விட்டது எங்க தாத்தா காலத்துக்கு முந்தி. வண்டி போய் இத்தனை நிமிஷம் ஆச்சு, இனி அடுத்ததை விடலாம்னு. திருச்சி ட்ரெய்னிங் ஸ்கூல்ல முதல்ல சொல்லிக்கொடுத்ததே அது தப்புன்னுதான்."

அவர் சொன்னது சரி. 1889 ஜூன் 12இல் அயர்லாந்தின் ஆர்மாவில், மேட்டில் நின்றுபோன உல்லாசப் பயண வண்டியின் பெட்டிகள் பின்னோக்கி ஓடி, நிமிஷக் கணக்கு வைத்துப் பின்னால் அனுப்பப்பட்ட அடுத்த வண்டியில் மோதின. எண்பது பேர் இறந்தார்கள், அவர்களில் பலர் குழந்தைகள். அதே வருஷம் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் போட்டது: முன்னால் போன வண்டி அந்தப் பகுதியை விட்டு வெளியேறியது உறுதியான பிறகுதான் அடுத்தது. நேரத்தை வைத்து ஓட்டுவது போய் இடத்தை வைத்து ஓட்டுவது வந்தது. நைனா வாழ்நாள் முழுக்க அடித்த நான்கு அடி அதன் வழியாக வந்ததுதான்.

"கடிகாரம் பொய் சொன்னா என்ன பண்ணுவீங்க?" என்றார்.

அவள் நன்றாகவே பதில் சொன்னாள். ஒரே கடிகாரத்தை நம்புவதில்லை. எல்லாரும் எல்லாரையும் ஒப்பிட்டுக்கொள்வார்கள், ஓரத்தில் தனியாக நிற்கும் நேரத்தைத் தள்ளிவிட்டு மற்றதைச் சராசரி எடுப்பார்கள். ஒருவன் ஆளுக்கொரு நேரம் சொல்லி ஏமாற்றினாலும் சமாளிக்க நான்கு பேராவது வேண்டும். கணினி அறிஞர் லாம்போர்ட்டும் கூட்டாளிகளும் 1982இல் இந்த நான்கு பேர் கணக்கை எழுதினார்கள்.

"நாலு பேரும் ஒரே மாதிரி தப்பா இருந்தா?"

"அது பரவால்ல தாத்தா. ஒரே மாதிரி தப்பா இருந்தா மோதிக்க மாட்டாங்க."

நைனாவுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. எழுந்து போய் அம்மாவிடம் ஒரு முறை சொல்லிவிட்டு வந்தார். அத்தோடு விடவில்லை. "சரி, ஒருத்தன் அவன் முறைன்னு இல்லாம ஓயாம பேசிட்டே இருந்தா?"

எங்கள் துறையில் மிகவும் பயப்படும் விஷயம் அதுதான். நின்றுபோன கருவியைவிட, நிறுத்தாமல் உளறும் கருவி ஆபத்து. மற்றவர் யாரையும் பேச விடாது. அதற்கென்று தனிக் காவல் வைப்போம், அவன் நேரம் முடிந்ததும் வாயை அடைக்கும் என்று நான் சொன்னேன். நைனா சிரித்தார். அவருக்கு நடந்திருக்கிறது. பாகாலா பக்கத்து ஸ்டேஷனில் ஒரு ராத்திரி இடி விழுந்து, பிளாக் மணி தானாக அடிக்க ஆரம்பித்தது. ஆறா, பதினாறா என்று எண்ணிப் பார்த்து விட்டுவிட்டார்கள். நிற்கவேயில்லை. கருவியையே ஒதுக்கிவிட்டு, போனில் பிரைவேட் நம்பர் பரிமாறி, ஒவ்வொரு டிரைவருக்கும் காகித லைன் கிளியர் எழுதிக் கொடுத்து விடியும்வரை வண்டி விட்டார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எரிச்சல் தாங்காமல் பாயிண்ட்ஸ்மேன் அதன் மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடினாராம். எல்லா வண்டியும் மணிக்கணக்கில் தாமதம். விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து தாள் வந்தது.

"என்ன எழுதினீங்க தாத்தா?"

"மணி நிக்கலை, அதனால நம்பலைன்னு எழுதினேன்."

"அவ்ளோதானா?"

"அதுக்கு மேல என்ன இருக்கு?"

அவள் என்னைப் பார்த்தாள். போன வாரம் இதே மாதிரி ஒரு பெட்டி உளறியதற்கு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எழுதிய அறிக்கை, இணைப்புகள் நீங்கலாக, நாற்பது பக்கம்.